மூன்றாமவர் கையில் ஒரு முறி

கலிபோர்னியாவில் வீடு வாங்கும் நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தால் ஒரு சொற்றொடர் திரும்பத் திரும்பக் காதில் விழும்: ‘எஸ்க்ரோவில் இருக்கிறது.’ வீடு எஸ்க்ரோவில் இருக்கிறது. பணம் எஸ்க்ரோவில் இருக்கிறது. நாங்களே எஸ்க்ரோவில்தான் இருக்கிறோம், அடுத்த மாதம் வெளியே வந்துவிடுவோம் என்பார்கள். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட உறவினரைப் பற்றிய பேச்சோ என்று கேட்பவர்க்கு ஐயம் எழும். எஸ்க்ரோ என்பது இடமா, ஆளா, காலமா, கணக்கா என்று திருப்பிக் கேட்டால் சொல்லும் நண்பரே சற்றுத் தடுமாறுவார். இன்றைய வழக்கில் அது நான்கும்தான். ஆனால் இந்நான்கில் எதுவாகவும் அச்சொல் பிறக்கவில்லை. அது பிறந்தது ஒரு தோல் துண்டாக.

பழைய பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்குத் துணுக்கு, நறுக்கு, எழுதிய தோற்சுருள் என்றெல்லாம் பொருள். நார்மானியரோடு கடல் கடந்து இங்கிலாந்தின் சட்டமொழிக்குள் புகுந்தது. சுருளைக் குறிக்கும் ‘ஸ்க்ரோல்’ என்ற ஆங்கிலச் சொல் இதன் உடன்பிறப்பு. கிழிசலைக் குறிக்கும் ‘ஷ்ரெட்’ சற்றுத் தூரத்து உறவு. தமிழ் வாசகருக்கு இது வியப்பளிக்க வேண்டியதில்லை. துண்டு என்று பொருள்படும் ‘முறி’ நம் மொழியிலும் எழுதிக்கொடுத்த பத்திரத்தைக் குறித்தது. ஓலையின் ‘நறுக்கு’ செய்திக் குறிப்பானது. எழுதப்படும் பொருள் விலையுயர்ந்ததாயிருந்த காலங்களில், துண்டின் பெயரே ஆவணத்தின் பெயராவது இயல்புதான் போலும்.

இடைக்கால இங்கிலாந்தில் பத்திரம் ஒன்று உயிர் பெறுவது அது எழுதப்படும்போதன்று. முத்திரை இடப்படும்போதும் அன்று. எழுதிக்கொடுப்பவர் அதைத் தம் கையிலிருந்து விட்டு, பெறுபவரிடம் ஒப்படைக்கும் கணத்தில்தான் நிலம் கைமாறுகிறது. இந்த ‘ஒப்படைப்பு’ என்னும் கருத்தை விளங்கிக்கொண்டால் எஸ்க்ரோவின் பாதிச் சூட்சுமம் விளங்கிவிடும். ஒப்படைத்தால் போயிற்று, திரும்பப் பெற வழியில்லை. பணம் வந்து சேரும் முன் ஒப்படைப்பது விற்பவருக்கு மடமை. பத்திரம் கைக்கு வரும் முன் பணத்தைக் கொடுப்பது வாங்குபவருக்கு மடமை. இருவரும் ஒருவரையொருவர் அறியாதவராயிருந்தால் யார் முதலில் கையை விடுவது?

அதற்குத்தான் மூன்றாமவர். விற்பவர் பத்திரத்தை ஓர் அயலாரிடம் கொடுத்து, இன்ன நிபந்தனை நிறைவேறினால் இதை இன்னாரிடம் சேர்ப்பியுங்கள் என்பார். அந்த அயலார் கையில் இருக்கும் வரை அது பத்திரமன்று, வெறும் நறுக்கு, அதாவது எஸ்க்ரோ. நிபந்தனை நிறைவேறி இரண்டாம் முறை கைமாறும்போது அதே தோல் துண்டு பத்திரமாகிவிடுகிறது. அந்த ஆள் கட்டாயம் அயலாராக இருக்க வேண்டும் என்பதில் பழைய சட்டவாணர்கள் பிடிவாதமாக இருந்தனர். வாங்குபவரிடமே கொடுத்துவிட்டு, நிபந்தனை நிறைவேறும் வரை இது எஸ்க்ரோ என்று வாயால் சொன்னால் செல்லாது. கைக்குப் போனபின் சொல்லுக்கு மதிப்பில்லை.

இவ்விடத்தில் பொதுச்சட்டம் செய்த ஒரு கற்பனையை நாம் மெச்சாமல் இருக்க முடியவில்லை. பத்திரத்தை மூன்றாமவரிடம் கொடுத்தவர் நிபந்தனை நிறைவேறும் முன்பே இறந்துவிட்டால் என்ன ஆவது? இறந்தவர் நிலத்தைக் கொடுக்க முடியாதே. அத்தகைய நேரத்தில், பின்னர் நிகழும் இரண்டாவது ஒப்படைப்பை முதல் ஒப்படைப்பு நடந்த நாளுக்கே பின்னோக்கி ஏற்றிவிடுகிறது சட்டம். அவர் உயிரோடிருந்த அந்த நாளிலேயே கொடுத்துவிட்டதாகக் கொள்ளப்படும். காலத்தை நீதிமன்றம் மடித்துத் தைக்கிறது என்று சொல்லலாம். புனைகதை எழுதுவோர் மட்டுமே இப்படிச் செய்வார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

கலிபோர்னியா மாநிலத்தின் உரிமையியல் சட்டத்தொகுப்பு 1872இல் இயற்றப்பட்டபோது இந்தப் பழைய விதிகளை இரண்டே பிரிவுகளில் எழுதிவைத்தார்கள். 1056ஆம் பிரிவு, வாங்குபவரிடம் நிபந்தனையோடு ஒப்படைப்பது என்பது இல்லை என்கிறது. 1057ஆம் பிரிவு, மூன்றாமவர் வசம் நிபந்தனைக்குட்பட்டு இருக்கும் காலத்தில் அப்பத்திரத்துக்கு எஸ்க்ரோ என்று பெயர் என்கிறது. கவனிக்க: அங்கே அது இன்னமும் காகிதம்தான். நிறுவனம் ஆகவில்லை, கணக்கு ஆகவில்லை.

காகிதம் எப்படி ஒரு தொழிலாயிற்று, அதுவும் குறிப்பாகக் கலிபோர்னியாவில்? நியூயார்க்கிலும் மாசசூசெட்ஸிலும் வீட்டுக் கிரயத்தை இன்றும் வழக்கறிஞர்களே நடத்துகிறார்கள். ஒரு மேசையைச் சுற்றி எல்லோரும் அமர்ந்து கையொப்பமிட்டுக் காசோலைகளைக் கைமாற்றிக்கொள்வது அங்குள்ள பழக்கம். மேற்குக் கரையில் வாங்குபவரும் விற்பவரும் கடைசிவரை முகம் பாராமலேயே கிரயம் முடிந்துவிடுவதுண்டு. இதற்குத் தொலைவும், அயலார் நெருக்கமும், பத்திரங்களின் குழப்பமும் சேர்ந்தே காரணம் என்பது நம் கணிப்பு. மெக்சிகோவிடமிருந்து அமெரிக்கா கைப்பற்றிய அந்நிலத்தில் ஸ்பானிய, மெக்சிக அரசுகள் அளித்த பழைய மானியங்கள் இருந்தன. அவற்றைச் சரிபார்க்க 1851இல் ஒரு சட்டம் இயற்றி ஆணையம் வைத்தார்கள். 813 உரிமைக் கோரிக்கைகள் வந்தன. ஒரு மானியதாரர் தம் நிலத்துக்கு இறுதிப் பட்டயம் பெறச் சராசரியாகப் 17 ஆண்டுகள் ஆயின. வழக்குச் செலவுக்கே நிலத்தை விற்றுத் தீர்த்த குடும்பங்கள் பல. பொன் தேடி வந்த அயலார் கூட்டம் ஒருபுறம், யாருடையது என்று தெரியாத நிலம் மறுபுறம். அங்கே அறிமுகத்தை நம்பி யார் வாங்குவார்?

1906இல் சான் பிரான்சிஸ்கோவில் நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் நகரின் நிலப்பதிவேடுகளை அழித்தன. உரிமையை மீண்டும் நிலைநாட்டிக்கொள்ள வழிசெய்து அதே ஆண்டில் மெக்கெனர்னி சட்டம் வந்தது. 1871ஆம் ஆண்டின் தீயில் சிகாகோ நகரமும் பதிவேடுகளை இழந்திருந்தது. அங்கே தனியார் சுருக்கக் குறிப்பாளர்கள் எரியும் நகரிலிருந்து தங்கள் ஏடுகளை அள்ளிக்கொண்டு வெளியேறியதால்தான் யாருடைய மனை எது என்று பின்னர் சொல்ல முடிந்தது. அரசின் ஏடு எரிய, தனியார் ஏடு தப்பிய இக்கதை, பத்திர உரிமையை ஆராயும் ‘டைட்டில்’ நிறுவனங்களின் செல்வாக்குக்கு ஒரு காரணமாயிற்று.

அந்நிறுவனங்களின் தோற்றத்துக்கு வேறொரு கதையும் உண்டு. பென்சில்வேனியாவில் 1868இல் தீர்ப்பான வாட்சன் எதிர் முயிர்ஹெட் வழக்கு அது. வாங்குபவருக்காகப் பத்திரங்களை ஆராய்ந்தவர் ஒரு வில்லங்கத்தைக் கண்டார், வழக்கறிஞரைக் கேட்டார், அது பாதிக்காது என்று அவர் சொல்லவே, உரிமை தூயது என்று சொல்லிவிட்டார். அது பாதித்தது. வாங்கியவர் பணத்தை இழந்தார். ஆராய்ந்தவர் கவனமின்றி நடக்கவில்லை, எனவே அவர் பொறுப்பாளி அல்லர் என்றது உச்ச நீதிமன்றம். எவர்மீதும் பிழையில்லை, ஆனால் வீடு போய்விட்டது! இந்த இடைவெளியை அடைக்கத்தான் 1876இல் ஃபிலடெல்பியாவில் முதல் பத்திர உரிமைக் காப்பீட்டு நிறுவனம் தோன்றியது. கலிபோர்னியாவின் வட பகுதியில் எஸ்க்ரோவை நடத்துபவை பெரும்பாலும் இவ்வகை டைட்டில் நிறுவனங்களே. தென் பகுதியில் தனியான எஸ்க்ரோ நிறுவனங்களும் அரசு உரிமம் பெற்று நடத்துகின்றன. தெற்கில் தொடக்கத்திலேயே இரு தரப்பும் கட்டளைத்தாளில் ஒப்பமிடும். வடக்கில் முடிவை நெருங்கும்போது தனித்தனியே ஒப்பமிடுவார்கள். ஒரே மாநிலத்துக்குள் இப்படி இரு மரபுகள்!

இனி அதன் உள்ளமைப்பு. விலை பேசி ஒப்பந்தம் கையெழுத்தானதும் வாங்குபவர் அச்சாரப் பணத்தை எஸ்க்ரோவில் செலுத்துகிறார். வழக்கமாக அது விலையில் 3 விழுக்காட்டுக்குள் இருக்கும். வாங்குபவர் பின்வாங்கினால் விற்பவர் இழப்பீடாக எடுத்துக்கொள்ளக்கூடியதற்குச் சட்டம் பொதுவாக அந்த வரம்பை வைத்திருப்பதே காரணம். அலுவலர் ஒரு கோப்பு எண்ணைத் தருகிறார். பத்திர வரலாற்றின் முன்னறிக்கை வருகிறது. நம் ஊர் வில்லங்கச் சான்றிதழின் சற்று நீண்ட உறவினர் அது. வீட்டைச் சோதிப்பவர் வருகிறார், கறையான் பார்ப்பவர் வருகிறார். இவையெல்லாம் எளிதில் விளங்குபவை. விளங்காத முடிச்சு ஒன்று உண்டு. எஸ்க்ரோ இல்லாவிடில் அதை எப்படி அவிழ்ப்பது என்று நமக்குத் தெரியவில்லை.

விற்பவரின் வீட்டின்மீது பழைய வங்கிக் கடன் நிற்கிறது. அதைத் தீர்க்க அவரிடம் பணமில்லை. வீடு விற்றால்தான் பணம். கடன் தீர்ந்தாலொழிய வாங்குபவருக்குத் தூய உரிமை கிடைக்காது. வாங்குபவருக்குக் கடன் கொடுக்கும் புதிய வங்கியோ, அந்த வீட்டின்மீது தன் ஈடே முதலாவதாக நிற்க வேண்டும் என்கிறது. பழைய ஈடு நீங்காமல் ஒரு காசும் வெளிவராது. பழைய வங்கி, முழுத்தொகையும் வந்தாலொழிய ஈட்டை நீக்காது. நான்கு பேர் ஒரு குறுகிய வாசலில் நின்றுகொண்டு, நீங்கள் முதலில் செல்லுங்கள் என்று ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டிருக்கும் காட்சி இது. எவரும் நகரவில்லை.

எஸ்க்ரோ அலுவலர் செய்வது இதுதான். நால்வரிடமிருந்தும் நிபந்தனையோடு கூடிய கட்டளைகளை வாங்கி வைத்துக்கொள்கிறார். விற்பவர் நோட்டரியின் முன்னிலையில் ஒப்பமிட்ட கிரயப் பத்திரம் அவரிடம் இருக்கிறது. இத்தனை டாலர் செலுத்தினால் ஈட்டை நீக்குகிறோம் என்னும் பழைய வங்கியின் கடிதம் இருக்கிறது. தன் ஈடு முதலிடத்தில் நிற்கும் என்று காப்பீடு தந்தால் இத்தொகையைப் பயன்படுத்துக என்று புதிய வங்கியின் பணம் வந்து சேர்கிறது. வாங்குபவரின் மீதித்தொகையும் வருகிறது. எல்லா நிபந்தனைகளும் ஒன்றையொன்று நிறைவேற்றும் நிலையில் அடுக்கப்பட்ட பின், ஒரு காலைப்பொழுதில் கவுண்டிப் பதிவகத்தில் கிரயப் பத்திரமும் புதிய ஈட்டுப் பத்திரமும் அடுத்தடுத்த எண்களில் பதிவாகின்றன. பதிவானது உறுதியானதும் பணம் பிரிந்து செல்கிறது: பழைய வங்கிக்கு, தரகர்களுக்கு, கவுண்டி வரிக்கு, மிச்சம் விற்பவருக்கு. ‘எஸ்க்ரோ மூடியது’ என்று தொலைபேசி வரும். சாவி அதன் பின்னரே.

இடையே சில்லறைக் கணக்குகளும் உண்டு. கலிபோர்னியாவில் சொத்துவரி ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. இரண்டாம் தவணை ஜனவரி முதல் ஜூன் வரைக்குமானது. விற்பவர் அதைச் செலுத்திவிட்டு ஏப்ரல் 1 அன்று வீட்டைக் கொடுத்தால், மூன்று மாத வரியை வாங்குபவர் அவருக்குத் திருப்பித் தர வேண்டும். அலுவலர் இதை நாட்கணக்கில் பிரித்துத் தாளில் எழுதிவிடுவார். பங்காளிகள் பல தலைமுறை பேசித் தீராத கணக்குகளை அறிந்த நமக்கு அந்தத் தாள் சற்றுப் பொறாமையூட்டுவது.

இந்த அலுவலரை ‘நடுவர்’ என்று மொழிபெயர்த்த சிலரைக் கண்டிருக்கிறோம். தவறு. அவர் நடுவில் இருப்பவரேயன்றி நடுவர் அல்லர். இரு தரப்பும் சண்டையிட்டுக்கொண்டால் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல அவருக்கு அதிகாரமில்லை. இருவரும் சேர்ந்து புதிய கட்டளை தராவிட்டால் அவர் பணத்தை அசையாமல் வைத்திருப்பார், அல்லது நீதிமன்றத்தில் கட்டிவிட்டு நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று ஒதுங்குவார். அறிவுரை கூறக்கூடாது, இரக்கப்படக்கூடாது, தாளில் எழுதியதைத் தவிர எதையும் செய்யக்கூடாது. அவருடைய பயன் முழுதும் அந்த வறட்சியில்தான் இருக்கிறது.

1930களில் இச்சொல்லுக்கு இன்னொரு பொருள் ஒட்டிக்கொண்டது. பெருமந்தத்தின்போது கடன் தவணையோடு சொத்துவரியையும் கட்ட முடியாமல் வீடிழந்தோர் பலர். 1934இல் அமைந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், மாதாமாதம் அசலும் வட்டியும் சேர்ந்து கழியும் நீண்டகாலக் கடன்களுக்குக் காப்புறுதி தந்தது. வரிக்கும் காப்பீட்டுக்கும் உரிய தொகையையும் மாதத் தவணையோடு சேர்த்துக் கட்டச் செய்தது. வங்கி அதைத் தனிக்கணக்கில் வைத்திருந்து உரிய நாளில் செலுத்தும். அந்தக் கணக்குக்கும் எஸ்க்ரோ என்றே பெயராயிற்று. வங்கிகள் அதில் தேவைக்குமேல் பணத்தைத் தேக்குவதைத் தடுக்க, ஆண்டுச் செலவில் ஆறிலொரு பங்குக்குமேல், அதாவது இரண்டு மாதத் தொகைக்குமேல், கூடுதலாக வைத்திருக்கலாகாது என்ற வரம்பு 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்தது.

அதே வீட்டுவசதி நிர்வாகம்தான் தன் மதிப்பீட்டுக் கையேட்டில், வெள்ளையரல்லாதார் குடியேறுவதைத் தடுக்கும் பத்திர நிபந்தனைகளைப் பரிந்துரைத்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். புதிதாகப் பதிவாகும் அத்தகைய நிபந்தனை கொண்ட வீடுகளுக்குக் காப்புறுதி தருவதை அது நிறுத்தியது 1950இல்தான்.

இங்கே வரலாறு நம் பக்கம் திரும்புகிறது. இதுவரை சொன்ன ஏற்பாடு முழுவதும் ஒன்றை முன்னிபந்தனையாகக் கொண்டது: பத்திரத்தில் பெயர் எழுதிக்கொள்ளும் உரிமை வாங்குபவருக்கு இருக்க வேண்டும். 1913இல் கலிபோர்னியா இயற்றிய அயலார் நிலச் சட்டம், குடியுரிமை பெறத் தகுதியில்லாத அயலார் விளைநிலம் வாங்கக்கூடாது என்றது. பெயர் சொல்லாவிட்டாலும் குறி ஜப்பானியர்மீதுதான். 1920இல் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. இந்தியர்கள் வெள்ளையரா அல்லரா என்பது அதுவரை நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் மாறிக்கொண்டிருந்தது. 1923 பிப்ரவரியில் பகத்சிங் திண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்தியர் குடியுரிமைக்குத் தகுதியான வெள்ளையர் அல்லர் என்று தீர்த்தது. கலிபோர்னியாவின் பள்ளத்தாக்குகளில் உழுதுகொண்டிருந்த பஞ்சாபி உழவர்கள்மீது அயலார் நிலச் சட்டத்தின் பூட்டு அன்று விழுந்தது.

அவர்கள் செய்ததை என்னவென்பது? நிலத்தை அமெரிக்க நண்பர் ஒருவர் பெயரில் வாங்கினார்கள். பக்கத்து விவசாயி, வங்கிக்காரர், வழக்கறிஞர், யாரோ ஒரு வெள்ளையர். பணம் இவர்களுடையது, வியர்வை இவர்களுடையது, பத்திரம் மூன்றாமவர் கையில். வடிவத்தில் எஸ்க்ரோதான். ஆனால் எஸ்க்ரோவை எஸ்க்ரோவாக்குவது எழுதிவைத்த நிபந்தனை. இங்கே நிபந்தனையை எழுதினால் அந்த எழுத்தே சட்டமீறலுக்குச் சான்றாகிவிடும். ஆகவே எதுவும் எழுதப்படவில்லை. ஒரு கைகுலுக்கலும், விளைச்சலில் ஒரு பங்கும், அந்த மனிதரின் மனச்சாட்சியும் மட்டுமே பிணை. வாக்குத் தவறாதவர்கள் இருந்தார்கள், தவறியவர்களும் இருந்தார்கள். தவறியவர்மேல் வழக்குப் போட வழியில்லை. பிற்பாடு, அமெரிக்க மண்ணில் பிறந்ததால் குடிமக்களாகிவிட்ட தங்கள் குழந்தைகளின் பெயரில் எழுதினார்கள். தவழும் பிள்ளை நிலவுடைமையாளர், தந்தை அதன் காப்பாளர்!

வைஷ்ணோ தாஸ் பகாய் உழவர் அல்லர். பெஷாவரிலிருந்து 1915இல் மனைவி கலா பகாயோடும் குழந்தைகளோடும் சான் பிரான்சிஸ்கோ வந்து கடை வைத்தவர். 1921இல் குடியுரிமை பெற்றவர். பெர்க்லி நகரில் அவர்கள் ஒரு வீடு வாங்கினார்கள். சாமான்களோடு குடிபுக வந்தபோது, அக்கம்பக்கத்தார் உள்ளே நுழைய முடியாதபடி வீட்டைப் பூட்டிவைத்திருந்தனர். குழந்தைகளை நினைத்து அஞ்சிய அத்தம்பதியர் அங்கே வாழவில்லை, திரும்பிப் போனார்கள். திண்ட் தீர்ப்புக்குப் பின் வைஷ்ணோ தாஸின் குடியுரிமை பறிக்கப்பட்டது. உடைமைகளையும் கைவிட நேர்ந்தது. 1928இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். கலா பகாய் 1983 வரை வாழ்ந்தார். 2020இல் பெர்க்லி நகரம் தன் மையப்பகுதித் தெரு ஒன்றின் இரு கட்டங்களுக்கு அவர் பெயரைச் சூட்டத் தீர்மானித்தது.

சட்டங்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1946இல் இந்தியர் குடியுரிமை பெறும் உரிமை மீண்டது. 1948 ஜனவரியில் ஓயாமா வழக்கில், மகன் பெயரில் தந்தை வாங்கிய நிலத்தை அரசு பறித்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு மே மாதம் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில், இனத்தடை நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்றது. 1952இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் அயலார் நிலச் சட்டத்தையே வீழ்த்தியது. 1956இல் மக்கள் வாக்களித்து அதை ஏட்டிலிருந்தும் நீக்கினார்கள்.

ஏட்டிலிருந்து சட்டம் நீங்கியதே தவிர, பத்திரங்களிலிருந்து நிபந்தனை நீங்கவில்லை. இன்று அம்மாநிலத்தில் வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் பல. எஸ்க்ரோ அலுவலர் மின்னஞ்சலில் அனுப்பும் கட்டுக்குள், முன்னறிக்கையோடு அந்த மனைப்பிரிவின் பழைய நிபந்தனைகளும் வருவதுண்டு. பெரும்பாலோர் அவற்றைப் படிப்பதில்லை. நூற்றுக்கணக்கான பக்கங்களை யார் படிப்பது? அப்போது அவர்களின் அச்சம் வேறொன்றில் இருக்கும். பணம் அனுப்ப வேண்டிய வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று அலுவலரின் பெயரிலேயே போலி மின்னஞ்சல் வரும். அதை நம்பி வாழ்நாள் சேமிப்பைக் கள்வருக்கு அனுப்பிவிட்டவர்கள் உண்டு. ஆகவே முன்பே அறிந்த எண்ணில் தொலைபேசியில் அழைத்து, குரலைக் கேட்டு உறுதிசெய்த பின்னரே பணத்தை அனுப்புகிறார்கள்.

பொறுமையாகப் படிப்பவர் கண்ணில் 1930களிலோ 40களிலோ தட்டச்சு செய்த ஒரு பத்தி படும். வெள்ளை இனத்தவர் தவிர வேறெவரும் இம்மனையில் குடியிருக்கலாகாது; வீட்டு வேலையாட்களாக உடனிருப்போர் நீங்கலாக, என்ற பொருள்படும் பத்தி. அதற்குமேல் ஒரு முகப்புத்தாள் இருக்கும்: இத்தகைய நிபந்தனைகள் செல்லாதவை என்று அறிவிப்பது. 2021இல் நிறைவேறிய ஒரு சட்டப்படி, கவுண்டிப் பதிவகங்களே இவ்வரிகளைத் தேடிக் கண்டுபிடித்து அடித்துவிட்டுத் திருத்திய பத்திரத்தைப் பதிந்துவருகின்றன. அடிக்கப்படாத மூலமும் பதிவகத்தில் பாதுகாக்கப்படும்.